அலை மேல் அலைவரிசை – 12: கொள்ளையர் கூடும் நாள்

சென்ற அத்தியாயம் லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் நின்றது. 1967 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை. பிற்பகல் 3 மணிக்கு ரேடியோ லண்டன் தன் ஒலிபரப்பை முடித்துக்கொண்டது. அதன் அறிவிப்பாளர்கள் மூட்டை முடிச்சுகளோடு கரையேறி, ரயில் பிடித்து லண்டன் வந்து இறங்கியபோது நிலையம் முழுக்க இளைஞர் கூட்டம். அழுகை, ஆரவாரம், கையெழுத்து வேட்டை. அந்த நெரிசலைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் மட்டும் எதிர்த் திசையில், கடற்கரைக்குப் போகும் ரயிலைப் பிடிக்க ஓடினார்கள். ஜானி வாக்கர், ராபி டேல். அன்று நள்ளிரவு கடல்வழி ஒலிபரப்புக் குற்றச் சட்டம் அமலுக்கு வந்தபோது இருவரும் ரேடியோ கரோலின் கப்பலில் மைக்கின் முன்னால் இருந்தார்கள்.

நேற்றுவரை ஒரே வேலையைச் செய்தவர்கள் அந்த மாலையில் இரண்டாகப் பிரிந்தார்கள். சட்டத்துக்குத் தலைவணங்கிக் கரையேறியவர்கள் பெரும்பான்மை. சிறை வந்தாலும் வரட்டும் என்று கப்பலேறியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். இவர்கள் பிறகு எங்கே, எப்போது ஒன்று கூடினார்கள்? கூடியபோது எதைப் பேசினார்கள்? எதைப் பேசாமல் விட்டார்கள்? இந்த வாரக் கதை அதுதான்.

இடையில் வந்து சேர்ந்த வாசகர்களுக்காக ஒரு சுருக்கம். 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வானொலி என்றால் பி.பி.சி. மட்டும்தான். இசைக்கலைஞர் சங்கத்தோடும் இசைத்தட்டுக் கம்பெனிகளோடும் அது போட்டிருந்த ஒப்பந்தப்படி நாளொன்றுக்குச் சில மணி நேரத்துக்கு மேல் இசைத்தட்டு சுழல முடியாது. பீட்டில்ஸ் காலத்துப் பிள்ளைகளுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ரோனன் ஓ'ராஹிலி என்ற 23 வயது ஐரிஷ் இளைஞர் பழைய டேனிஷ் பயணிகள் கப்பல் ஒன்றைப் பிடித்தார். அதில் ஒலிபரப்புக் கருவிகளைப் பொருத்தி, பிரிட்டனின் கடல் எல்லையான 3 மைலுக்கு அப்பால் நங்கூரம் பாய்ச்சினார். 1964 மார்ச் 28 அன்று ரேடியோ கரோலின் பிறந்தது. டிசம்பரில் ரேடியோ லண்டன் வந்தது. அடுத்தடுத்து இன்னும் பல கப்பல்கள் வந்தன. இரண்டாம் உலகப்போரில் கட்டிக் கைவிடப்பட்ட கடற்கோட்டைகளிலும் சிலர் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். அரசாங்கத்துக்குத் தண்ணி காட்டிய இவர்களுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் பைரேட்ஸ், கொள்ளையர்.

1967-ஆம் ஆண்டுச் சட்டம் கப்பல்களைத் தொடவில்லை. கப்பலுக்கும் கரைக்கும் இருந்த உறவை அறுத்தது. பிரிட்டிஷ் குடிமகன் எவரும் அங்கே வேலை செய்தால் குற்றம். விளம்பரம் கொடுத்தால் குற்றம். ரொட்டியும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தால் குற்றம். நிகழ்ச்சி நேரத்தைப் பத்திரிகையில் அச்சிட்டாலும் குற்றம். தண்டனை 2 ஆண்டு வரை சிறை. நிகழ்ச்சி நேரத்தை அச்சிடக் கூடாது என்ற அந்த விதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

முதல் சந்திப்பு

கொள்ளையர்களின் முதல் மறுசந்திப்பு நடந்த இடம் பி.பி.சி. கட்டடம் என்றால் சிரிப்பு வரும். ஆனால் அதுதான் நடந்தது.

கடல் வானொலிகளை மூடிய கையோடு மக்களின் கோபத்தைத் தணிக்க அரசாங்கத்துக்கு ஒரு மாற்று தேவைப்பட்டது. 1967 செப்டம்பர் 30 காலை 7 மணிக்கு பி.பி.சி. ரேடியோ 1 தொடங்கியது. முதல் குரல் டோனி பிளாக்பர்ன். முதலில் கரோலின், பிறகு ரேடியோ லண்டன் என்று இரண்டு கப்பல்களில் வேலை பார்த்தவர். அவர் பின்னால் ஜான் பீல், கென்னி எவரெட், எட் ஸ்டூவர்ட், கீத் ஸ்கூஸ், டேவ் கேஷ் என்று பெரிய வரிசையே வந்தது. பெரும்பாலோர் ரேடியோ லண்டன்காரர்கள். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் பாம்ஸ் என்ற நிறுவனம் ரேடியோ லண்டனுக்கு ஜிங்கிள் பாடிக் கொடுத்திருந்தது. பி.பி.சி.யும் அதே பாம்ஸிடம் போய் நின்றது. நிலையத்தின் பெயர் மட்டும்தான் மாறியிருந்தது.

ஜானி வாக்கருக்கு அந்த வாசல் உடனே திறக்கவில்லை. சட்டம் வந்த பிறகும் கப்பலில் இருந்தவர் ஆயிற்றே! 1968 மார்ச் 3 அன்று, வடக்குக் கப்பல், தெற்குக் கப்பல் என்று கரோலினுக்கு இருந்த இரண்டு கப்பல்களையும் வைஸ்முல்லர் என்ற டச்சு நிறுவனம் ஆம்ஸ்டர்டாமுக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. கப்பலுக்கு உணவும் எண்ணெயும் கொண்டுவந்து கொடுத்த அதே நிறுவனம்தான். பாக்கி ஏறிப்போனதால் கப்பலையே பிடித்துவிட்டது. பிரிட்டிஷ் அரசாங்கம் சட்டம் போட்டும் முடியாததைக் கடன்காரர் ஒரே நாளில் முடித்துவைத்தார். அதற்கப்புறம் வாக்கர் கரையில் காத்திருந்து, 1969-இல்தான் ரேடியோ 1-க்குள் நுழைந்தார்.

ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தாலும் இவர்கள் பழங்கதையைப் பகிரங்கமாகப் பேசவில்லை. சம்பளம் கொடுப்பது பி.பி.சி. பேச வேண்டியது இன்றைய பாட்டைப் பற்றி. ரோனன் ஓ'ராஹிலி 1970களில் தெற்குக் கப்பலான மி அமிகோவை மறுபடி கடலுக்குக் கொண்டுவந்துவிட்டார். கரோலின் மீண்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. அதைப் புகழ்ந்து பேசினால் விளம்பரம் செய்ததாக வழக்கு வரலாம். பழைய நண்பர்கள் ஊமை கண்ட கனவாக வைத்துக்கொண்டார்கள்.

கூட்டம் போட்டவர்கள் டச்சுக்காரர்கள்

முறையாக மண்டபம் பிடித்து, நாள் குறித்து, எல்லா நாட்டுக்காரர்களையும் அழைத்துக் கூட்டம் போடும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தது நெதர்லாந்து.

அங்கே ரேடியோ வெரோனிகா 1960 முதல் 14 ஆண்டுகள் கடலில் இருந்தது. அது கொள்ளையாகவே கருதப்படவில்லை, குடும்ப வானொலி. 1973 ஏப்ரல் 18 அன்று அதைக் காப்பாற்றச் சொல்லி ஹேக் நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். அரசாங்கம் அசையவில்லை. 1974 ஆகஸ்ட் 31 மாலை ராப் அவுட் என்ற அறிவிப்பாளர் கடைசியாகப் பேசினார். இது நேயர்களுக்கு நஷ்டம், வெரோனிகாவுக்கு நஷ்டம், எல்லாவற்றுக்கும் மேலாக நெதர்லாந்தின் ஜனநாயகத்துக்கு நஷ்டம் என்ற பொருளில் சொல்லி முடித்தார். ஜிங்கிள் ஒன்று ஒலிக்கத் தொடங்கி, பாதியில் அறுந்தது.

டென்மார்க்கின் ரேடியோ மெர்க்குர் 1958-இல் கப்பலிலிருந்து ஒலிபரப்பத் தொடங்கியதுதான் ஐரோப்பாவில் இந்தத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி. அதன் 20 ஆண்டு நிறைவை ஒட்டி, 1978-இல் நூர்ட்வைக்கர்ஹவுட் என்ற டச்சு ஊரில் பெரிய மாநாடு ஒன்று கூடியது. பிறகு ஆம்ஸ்டர்டாமில் பல ஆண்டுகள் 'ரேடியோ டே' என்ற பெயரில் ஆண்டுக் கூட்டம் நடந்தது. ஹான்ஸ் க்னோட் என்ற டச்சு வானொலி வரலாற்றாளரும் அவருடைய நண்பர்களும் முன்நின்று நடத்தினார்கள். பிரிட்டிஷ், டச்சு, ஸ்வீடிஷ், அமெரிக்கர் என்று மேடையில் ஏறியவர்களுக்குப் பொதுவாக இருந்தது ஒன்றுதான். எல்லோரும் ஏதோ ஒரு கப்பலில் வாந்தி எடுத்தவர்கள்.

இந்தக் கூட்டங்களுக்கு வருபவர்களில் மூன்று வகை உண்டு. முதல் வகை, குரலால் பெயர் வாங்கிய அறிவிப்பாளர்கள். இரண்டாம் வகை, பெயர் வாங்காத பொறியாளர்கள், சமையல்காரர்கள், சரக்குப் படகுக்காரர்கள். மூன்றாவது, நேயர்கள். படகு பிடித்துக் கடலுக்குள் போய்க் கப்பலைச் சுற்றிவந்து கையசைத்துவிட்டு வந்தவர்கள். மழைச்சட்டை போட்டுக்கொண்டு வந்த இவர்களை அறிவிப்பாளர்கள் 'அனோரக்' என்று கேலி செய்தார்கள். அவர்கள் அதையே பட்டமாகச் சூடிக்கொண்டார்கள். மேடை முதல் வகையினருக்கு. ஆனால் கூட்டத்தை நடத்துவதும் பணம் போடுவதும் தேதி சொல்வதும் மூன்றாம் வகையினர். பாட்டுப் போட்டவருக்கு எந்த நாளில் எதைப் போட்டோம் என்பது நினைவிருக்காது. கேட்டவருக்கு இருக்கும்.

மேசையில் வரும் கதைகள்

இவர்கள் கூடினால் என்ன பேசுவார்கள்? சில கதைகள் தவறாமல் வரும்.

ஒன்று, பென்னிக் காசு. கப்பல் ஆடும்போது இசைத்தட்டின் மேல் ஊசி நிற்காது. ஒரு பெரிய அலை அடித்தால் பாட்டின் முதல் அடியிலிருந்து கடைசி அடிக்குத் தாவிவிடும். அதற்கு யாரோ கண்டுபிடித்த வைத்தியம், ஊசிக் கையின் தலையில் ஒரு பென்னிக் காசை வைத்து ஒட்டிவிடுவது. கனத்தில் ஊசி பள்ளத்தைவிட்டு எழாது. இசைத்தட்டு சீக்கிரம் தேய்ந்துபோகும், ஆனால் பாட்டு நிற்காது. லட்சக்கணக்கான பேர் கேட்ட நிலையத்தின் தொழில்நுட்பம் அந்த ஒரு பென்னியில் நின்றது.

இரண்டாவது, ஃபிரின்டன் விளக்குகள். எசெக்ஸ் கடற்கரையில் ஃபிரின்டன் என்ற ஊர். கரோலின் தெற்குக் கப்பல் அதற்கு நேரே, மூன்றரை மைல் தள்ளி நின்றது. ஜானி வாக்கரின் இரவு நிகழ்ச்சியைக் காதலர்கள் கரையோரம் காரை நிறுத்திக் கேட்பார்கள். காரின் முன்விளக்கை அணைத்து அணைத்துப் போடச் சொல்வார் வாக்கர். கறுத்த கரையில் விளக்குகள் வரிசையாக மினுக்கும். கப்பலிலிருந்து அவர் மைக்கில் கேட்பார், அவர்கள் விளக்கால் பதில் சொல்வார்கள். தொலைபேசி இல்லாத கப்பலில் அதுதான் நேயர் தொடர்பு. 

மூன்றாவது, தரைதட்டிய இரவு. 1966 ஜனவரி 20 அன்று மி அமிகோவின் நங்கூரம் நழுவி, கப்பல் ஃபிரின்டன் பக்கம் மணலில் ஏறிவிட்டது. பனி கொட்டும் இரவு. கரையிலிருந்து கயிறு எறிந்து, அதில் தொங்கும் மிதவையில் ஒவ்வொருவராக இழுத்துக் கரைசேர்த்தார்கள். அப்படித் தொங்கி வந்தவர்களில் டோனி பிளாக்பர்னும் ஒருவர். கப்பல் பழுது பார்க்கப் போனது. அந்த இடைவெளியில் கரோலினுக்குத் தன் கப்பலைக் கொடுத்து உதவியவர் பிரிட் வாட்னர் என்ற ஸ்வீடிஷ் பெண்மணி. கடலில் ஒலிபரப்பியதற்காகத் தன் நாட்டில் சிறைக்குப் போனவர். பிற்காலத்தில் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் போய் வானொலி நடத்தியவர். இந்தக் கதையைச் சொல்பவர்களில் பாதிப்பேர் பிளாக்பர்னோடு நிறுத்திவிடுவார்கள். வாட்னரின் பெயர் வருவது குறைவு.

நான்காவது, வில்சன் என்ற கேனரிப் பறவை. 1980 மார்ச் 19 இரவு, புயலில் சிக்கிய மி அமிகோ தேம்ஸ் கழிமுகத்து மணல்திட்டில் மோதி மூழ்கத் தொடங்கியது. ஷீர்னஸ் உயிர்காப்புப் படகு வந்து நான்கு பேரை மீட்டது. அவர்களோடு கூண்டில் ஒரு கேனரியும் கரைசேர்ந்தது. கடல் வானொலிகளை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்த பிரதமர் ஹரால்ட் வில்சனின் பெயரைத்தான் அதற்கு வைத்திருந்தார்கள். படகின் தலைவர் சார்லி போவ்ரிக்கு அந்த மீட்புக்காக வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. கூட்டங்களில் கைதட்டல் என்னவோ பறவைக்குத்தான்.

பி.பி.சி.யே எடுத்த விழா

2004-இல் கரோலினுக்கு 40 வயது. அந்த ஈஸ்டர் சமயத்தில் பி.பி.சி.யின் எசெக்ஸ் மாவட்ட நிலையம் ஒரு காரியம் செய்தது. ஹார்விச் துறைமுகத்தில் எல்.வி.18 என்ற ஓய்வுபெற்ற விளக்குக் கப்பல் நின்றிருந்தது. அதில் ஸ்டுடியோ அமைத்து, பழைய கடல் அறிவிப்பாளர்களை அழைத்து வந்து, 'பைரேட் பி.பி.சி. எசெக்ஸ்' என்ற பெயரில் ஒலிபரப்பியது. 1960களின் இசைத்தட்டுகள், 1960களின் ஜிங்கிள்கள், 1960களின் குரல்கள். குரல்களுக்கு மட்டும் 40 வயது கூடியிருந்தது.

வரவேற்பு நன்றாக இருக்கவே, 2007-இல் சட்டத்தின் 40-ஆம் ஆண்டை ஒட்டி மறுபடி செய்தார்கள். 2009 ஈஸ்டரில் மறுபடி. ஜானி வாக்கர், டேவ் கேஷ், கீத் ஸ்கூஸ், ரோஜர் டே என்று பழைய ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். கேட்பவர்கள் குடும்பத்தோடு துறைமுகத்துக்கே வந்துவிட்டார்கள்.

நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனம், அரசாங்கம் தடைசெய்த வானொலிகளின் பெயரால், தடைசெய்யப்பட்ட ஆட்களை வைத்து விழா எடுத்தது. இதைப் பெருந்தன்மை என்று சொல்லலாம். பழைய எதிரி இனிமேல் ஆபத்தில்லை என்று தெரிந்தபின் வரும் பாசம் என்றும் சொல்லலாம். இரண்டுமே உண்மை என்பது என் கட்சி.

பேசாமல் விட்டவை

ஏக்கத்துக்கு ஒரு குணம் உண்டு. கசப்பை வடிகட்டிவிடும். வரலாறு எழுதுகிறவர் அந்த வண்டலையும் பார்க்க வேண்டும்.

கடல் வானொலி என்றால் சுதந்திரம், விரும்பிய பாட்டை விரும்பிய நேரத்தில் போட்ட காலம் என்பார்கள். 1966-இல் கரோலினின் நிர்வாகத்துக்குள் ஃபிலிப் சாலமன் வந்தார். அவருடைய மேஜர் மைனர் கம்பெனி இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது. காசு கொடுத்தால் பாட்டு சுழலும். ஜான் பீல் நள்ளிரவுக்குப் பின் ரேடியோ லண்டனில் தன் இஷ்டத்துக்குப் போட்டது உண்மைதான். மேலிடம் தூங்கும் நேரம் என்பதால் அது முடிந்தது. பகல் நேரம் பட்டியலுக்குக் கட்டுப்பட்டது.

பல கப்பல்களின் அடுப்பு எரிந்தது அமெரிக்கப் பிரசங்கப் பணத்தில். ஆம்ஸ்ட்ராங் குடும்பத்தின் 'தி வேர்ல்ட் டுமாரோ' என்ற மதப் பிரசாரம் நிலையத்துக்கு நிலையம் நேரம் வாங்கியிருந்தது. புரட்சி வானொலியின் கணக்குப் புத்தகத்தில் பெரிய வரவு பிரசங்கத்திலிருந்து வந்தது. இதை எந்த மறுசந்திப்பிலும் யாரும் பாட்டாகப் பாடுவதில்லை.

ரத்தமும் உண்டு. ஷிவரிங் சாண்ட்ஸ் கடற்கோட்டையில் ரேடியோ சிட்டியை நடத்திய ரெக் கால்வர்ட்டை எட்டாம் அத்தியாயத்தில் பார்த்தோம். ஒலிபரப்புக் கருவி யாருக்குச் சொந்தம் என்ற தகராறில், 1966 ஜூன் 21 இரவு ஆலிவர் ஸ்மெட்லி என்பவரின் வீட்டுக்குப் போனவர் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தற்காப்பு என்று சொல்லி நீதிமன்றம் ஸ்மெட்லியை விடுவித்தது. சட்டம் வேகமாக வந்ததற்கு அந்தத் துப்பாக்கிச் சத்தமும் ஒரு காரணம். உலகின் மறுகோடியில், நியூசிலாந்தின் ரேடியோ ஹவுராக்கி 1966 முதல் கடலில் போராடி, 1970-இல் முறையான உரிமம் வாங்கிவிட்டது. வெற்றியோடு கரைக்குத் திரும்பிய கடைசிப் பயணத்தில், ரிக் கிராண்ட் என்ற அறிவிப்பாளர் கப்பலிலிருந்து கடலில் விழுந்து காணாமல் போனார். கொண்டாட்டக் கதைக்குள் அந்தப் பெயரைப் பொருத்துவது சிரமம். பொருத்தாவிட்டால் அது வரலாறு ஆகாது.

பெண்கள்? 1960களின் பிரிட்டிஷ் கப்பல்களில் பெண் குரல் அரிதினும் அரிது. 1970களில் கரோலினில் சமந்தா டுபுவா வந்தார். 1984-இல் அமெரிக்கர்கள் நடத்திய லேசர் 558 நிலையத்தில் ஜெஸ்ஸி பிராண்டன் புகழ்பெற்றார். அதற்கு முன்பு, கப்பல் என்றால் ஆண்கள் விடுதிதான். மறுசந்திப்புப் புகைப்படங்களைப் பார்த்தாலே தெரியும்.

2009-இல் ரிச்சர்ட் கர்டிஸ் எடுத்த 'தி போட் தட் ராக்ட்' படம் இந்த வடிகட்டிய நினைவைத் திரையில் ஏற்றியது. அதில் 1967-இல் கப்பல் மூழ்குகிறது, நேயர்கள் படகு படகாக வந்து எல்லோரையும் காப்பாற்றுகிறார்கள். நிஜத்தில் 1967-இல் எந்தக் கப்பலும் அப்படி மூழ்கவில்லை. 1980-இல் மூழ்கியபோது வந்தது ஒரே ஒரு உயிர்காப்புப் படகு.

பெட்டியைத் திறந்தவர்கள்

இப்போது அந்தச் சட்ட விதிக்கு வருவோம். நிகழ்ச்சி நேரத்தை அச்சிட்டாலே குற்றம் என்றால் நிகழ்ச்சிக் குறிப்பேடு எங்கே இருக்கும்? முதலாளி யார் என்பதையே மறைக்க வேண்டிய தொழிலில் சம்பளப் பதிவேடு யாரிடம் இருக்கும்? வெரோனிகா தன் நிகழ்ச்சிகளை ஹில்வர்சம் நகரில் டேப்பில் பதிந்து கப்பலுக்கு அனுப்பியது. மற்ற பெரும்பாலான கப்பல்களில் நேரடி ஒலிபரப்புதான். காற்றில் போனது போனதுதான்.

காப்பாற்றியவர்கள் வீட்டில் இருந்தவர்கள். வானொலிப் பெட்டிக்கு முன்னால் ரீல் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்த பள்ளிப் பிள்ளைகள். கென்னி எவரெட்டும் டேவ் கேஷும் சேர்ந்து அடித்த கூத்து, ஜான் பீல் கப்பலில் நடத்திய கடைசி நிகழ்ச்சிகள், ரேடியோ லண்டனின் கடைசி மணி நேரம் எல்லாம் இன்று கேட்கக் கிடைப்பது பெரிய அளவில் அவர்கள் புண்ணியத்தில். அந்த டேப்புகள் பைகளில் வந்து கைமாறிய சந்தை இந்த மறுசந்திப்புக் கூட்டங்கள். ஒருவரிடம் முதல் பாதி, இன்னொருவரிடம் இரண்டாம் பாதி. பின்னணியில் அம்மா சாப்பிடக் கூப்பிடும் குரலும் சிலதில் பதிந்திருக்கும்.

நினைவு எங்கே சறுக்குகிறது என்று காட்டியதும் இந்த ஆவணங்கள்தான். கரோலினின் அலைநீளம் 199 மீட்டர் என்று அறிவிப்பாளர்கள் நாள்தோறும் சொன்னார்கள். ஆங்கிலத்தில் அந்த எண் கரோலின் என்ற பெயரோடு எதுகை போட்டது. உண்மையில் ஒலிபரப்பு 197 மீட்டரை ஒட்டி இருந்தது. அரை நூற்றாண்டு கழித்தும் பழைய ஆட்கள் 199 என்றே சொல்கிறார்கள். பொய் சொல்லவில்லை. விளம்பரம் நினைவாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஆகவே இந்தக் கூட்டங்களை வயதானவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆவணம் வைத்துக்கொள்ள முடியாத தொழிலுக்கு இவைதான் ஆவணக் காப்பகம். மேடையில் பேசுபவரின் கதையை நம்புவதைவிட, கடைசி வரிசையில் டேப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பவரைத் தேடிப் போவது நல்லது.

மிச்சம் இருக்கும் கப்பல்

மறுசந்திப்புக்குப் போக இன்றும் ஒரு நிஜக் கப்பல் இருக்கிறது. ராஸ் ரிவெஞ்ச். 1960-இல் ஜெர்மனியில் கட்டிய பழைய மீன்பிடிக் கப்பல். 1983 ஆகஸ்டில் 300 அடி உயரக் கம்பத்தோடு கரோலின் இதிலிருந்து திரும்பி வந்தது. 1987 நவம்பரில் கம்பம் கடலில் சாய்ந்தது. அதே ஆண்டு பிரிட்டன் தன் கடல் எல்லையை 12 மைலாக நீட்டியது. 1989 ஆகஸ்டில் டச்சு அதிகாரிகள் நடுக்கடலில் ஏறிக் கருவிகளைப் பிடுங்கினார்கள். 1990 நவம்பரில் ஒலிபரப்பு நின்றது. 1991 நவம்பரில் புயல் கப்பலைக் குட்வின் மணல்திட்டுக்கு இழுத்துப்போக, இருந்தவர்களை ஹெலிகாப்டர் வந்து தூக்கியது. கப்பல்களை விழுங்கிப் பேர்போன அந்த மணல் இதை மட்டும் விட்டுவிட்டது.

இன்று அது எசெக்ஸில் பிளாக்வாட்டர் ஆற்றில் நங்கூரமிட்டு நிற்கிறது. 2014-இல் அங்கே வந்தது. பராமரிப்பது தன்னார்வலர்கள். துருவைச் சுரண்டி, வர்ணம் அடித்து, பழைய ஒலிபரப்புக் கருவிகளைத் துடைத்து வைக்கிறார்கள். மெர்சி தீவிலிருந்து படகில் கூட்டிப்போய்ப் பார்வையாளர்களுக்குக் காட்டுகிறார்கள்.

2017-இல் பிரிட்டிஷ் ஒலிபரப்பு ஆணையம் கரோலினுக்கு முறையான மத்திய அலை உரிமம் கொடுத்தது. டிசம்பர் 22 அன்று 648 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பு தொடங்கியது. பி.பி.சி. உலக சேவை 2011 வரை பயன்படுத்திய அதே அலைவரிசை, ஆர்ஃபோர்ட் நெஸ் என்ற அதே இடம். மாதம் ஒருமுறை கப்பலில் ஏறி 'கரோலின் நார்த்' என்ற பெயரில் நேரடியாக ஒலிபரப்பும்போது, மான் தீவின் மான்க்ஸ் ரேடியோவும் கைகோக்கிறது. 1967 சட்டத்தை ஏற்க மறுத்து, லண்டனோடு கடைசிவரை மல்லுக்கு நின்ற தீவு அது.

ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ரோனன் ஓ'ராஹிலி 2020 ஏப்ரல் 20 அன்று காலமானார். டேவ் கேஷ், எட் ஸ்டூவர்ட் இருவரும் 2016-இல் போனார்கள். ஜானி வாக்கர் 2024 அக்டோபரில் பி.பி.சி.யிலிருந்து ஓய்வு பெற்று, அந்த ஆண்டின் கடைசி நாளில் இறந்தார். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் அன்று எதிர்த் திசையில் ஓடிய இருவரில் ராபி டேல் அதற்கு முன்பே போய்விட்டார். இனிமேல் கூட்டம் நடத்தப்போவது நேயர்கள்தான். எப்போதும் நடத்தியவர்களும் அவர்கள்தானே!

என் தீர்ப்பு இது. 1967 சட்டம் நிலையங்களை மூடியது. அதே சட்டம் அவர்களை ஒரே இனமாக்கியது. உரிமம் வாங்கிக் கரையில் வேலை செய்திருந்தால், வேலை மாறியதும் ஒருவரையொருவர் மறந்திருப்பார்கள். குற்றவாளிகள் என்று ஒரே பட்டியலில் போட்டதால்தான் 50 ஆண்டு கழித்தும் தேடி வந்து கைகுலுக்குகிறார்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் வானொலியிலிருந்து பதிவு செய்த பழைய ரீலோ காசெட்டோ கிடந்தால், எறிந்துவிடாதீர்கள். பழைய டேப்பின் காந்தப் பூச்சு ஆண்டுக்கு ஆண்டு உதிர்ந்துகொண்டே இருக்கும். இந்த மாதமே கணினிக்கு மாற்றிவிடுங்கள். எந்த நிலையம், எந்த ஆண்டு, யார் குரல் என்று தெரிந்ததை ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். அந்த நிலையத்திடமே அது இல்லாமல் இருக்கலாம்.

அடுத்த வாரம்: ஈரானில் பிறந்து, பம்பாயில் வளர்ந்து, இஸ்ரேல் கரைக்கு வெளியே 20 ஆண்டுகள் 'அமைதியின் குரல்' என்ற கப்பல் வானொலியை நடத்திய ஏபி நாதன்.

(தொடரும்)